மாலை வந்தால் புள்ளி: கிளவுடில் அனுமதிக் குழுக்கள் தானாக நடப்பது எப்படி

போன தை மாதம் காரைக்குடியில் என்னோடு வேலை பார்க்கும் நண்பனுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முன்பே இளையாற்றங்குடிக் கோயிலில் இருந்து மாலை வந்துவிட்டது. பெண் வீட்டுக்கு வைரவன்பட்டி. அங்கிருந்தும் ஒரு மாலை. வெளியூரில் இருந்து வந்த அலுவலக நண்பர்கள் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டார்கள். நகரத்தார் கல்யாணத்தில் கோயில் மாலை ஒரு பதிவு. ஒன்பது நகரக் கோயில்களில் தங்களுக்கு உரிய கோயிலின் ஏட்டில் அந்தக் கல்யாணம் ஏறிவிட்டது என்பதற்கு அடையாளம். அன்று முதல் அந்தத் தம்பதி ஒரு ‘புள்ளி’. கோயிலுக்குக் கொடுக்கும் புள்ளி வரி அவர்கள் பேருக்கு வரும். கோயில் காரியங்களில் அவர்களும் கணக்கில் உண்டு. பெண் கணவனுடைய கோயிலுக்கு வந்துவிடுகிறாள். இவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று யாரும் யாரிடமும் சிபாரிசுக்குப் போவதில்லை. கல்யாணம் நடந்தது, ஆகவே புள்ளி.

அதே வாரம் அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தார். மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். மின்னஞ்சல் திறக்கிறது, பில் போடும் செயலி திறக்கவில்லை. “அண்ணா, இன்னும் உள்ள போக முடியல” என்று என்னிடம் வந்து நின்றார். யார் எந்தக் குழுவில் இருக்கலாம் என்று பேர் சேர்க்கிற ஒரே ஆள் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தான். மறுவீட்டு விருந்துக்கு நடுவில் ஃபோன் போட்டேன். “ஒரு நிமிஷம் இருடா” என்று மொபைலிலேயே சேர்த்துவிட்டான். அவசரத்தில், கணக்கைப் பார்க்க மட்டும் அனுமதிக்கும் குழுவுக்குப் பதிலாக, கணக்கை மாற்றவும் அழிக்கவும் அனுமதிக்கும் குழுவில் சேர்த்துவிட்டான். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். தவறு எங்களுக்குத் தெரிந்தது ஆடி மாதத்தில். இடைப்பட்ட நாளில் ஒருவரும் புகார் சொல்லவில்லை. ஏன் சொல்வார்கள்? வேண்டிய கதவு திறக்கவில்லை என்றால் ஆள் கத்துவான். வேண்டாத கதவும் சேர்ந்து திறந்தால் யார் கத்துவது?

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், கிளவுடில் குழுக்களைத் தானியக்கமாக்க வேண்டும் என்று ஏன் இத்தனை பேர் மெனக்கெடுகிறார்கள் என்பது விளங்கிவிடும். சேர்ப்பதைக் கையால் செய்தாலும் எப்படியாவது நடந்துவிடும், கேட்பவர் விடமாட்டார். நீக்குவதைக் கேட்க ஆளே கிடையாது. அதனால் கையால் நடக்கும் இடத்தில் நீக்குவது பெரும்பாலும் நடப்பதே இல்லை.

ஏடு ஒன்று போய் ஏடுகள் பலவானது

குழு என்ற யோசனை பழையது. யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்திலிருந்தே ஒரு கோப்புக்கு உரியவர், அவருடைய குழு, மற்றவர் என்று மூன்று நிலையில் அனுமதி உண்டு. அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் குழுவுக்குக் கொடுத்துவிடுவது, பிறகு ஆட்களைக் குழுவில் போடுவது எடுப்பது, அவ்வளவுதான். 1975-இல் சால்ட்சரும் ஷ்ரோடரும் எழுதிய கட்டுரையில் ஒருவருக்குத் தன் வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் அனுமதி இருக்கக்கூடாது என்ற நெறி தெளிவாக வந்துவிட்டது. 1992-இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்டைச் சேர்ந்த ஃபெராயோலோவும் குன்னும், அனுமதியைப் பொறுப்போடு கட்டும் முறையை வகுத்தார்கள். ஆளைப் பார்க்காதே, அவர் வகிக்கும் பொறுப்பைப் பார் என்பது அதன் சாரம். 2004-இல் அது அமெரிக்கத் தரநிலையாகவே ஆனது.

ஒரு சர்வர் அறை, ஒரு பேரேடு என்று இருந்தவரை இதில் பெரிய சிக்கல் இல்லை. 2000-இல் விண்டோஸோடு வந்த ஆக்டிவ் டைரக்டரிதான் பல அலுவலகங்களில் அந்தப் பேரேடு. ஊழியர் போனால் அங்கே பேரை அடித்தால் போதும், கட்டடத்துக்குள் இருந்த எல்லாம் அடைபட்டுவிடும். கிளவுட் வந்ததும் ஏடுகள் பெருகிவிட்டன. மின்னஞ்சல் ஓரிடம், நிரல் வைப்பகம் ஓரிடம், சம்பளச் செயலி ஓரிடம், சர்வர்கள் அமேசானின் கிளவுடில், வாடிக்கையாளர் விவரம் வேறோர் இடத்தில். ஒவ்வொன்றிலும் தனித்தனியே பயனர் பட்டியல், தனித்தனியே குழுக்கள். காரைக்குடி மாதிரி ஊரில் நூறு நூற்றைம்பது பேர் இருக்கும் அலுவலகத்தில்கூட ஆட்களைவிடக் குழுக்கள் அதிகம் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பாதிக் குழுக்களின் பேர் ‘டெஸ்ட் 2’, ‘புதுசு’, ‘டெம்ப்’ என்று இருக்கும். அந்த ‘டெம்ப்’ குழுதான் எல்லாவற்றையும் திறக்கும்.

போதாததற்கு ஒவ்வொரு கிளவுடுக்கும் தனித்தனி வழக்கம். யார் எதைத் தொடலாம் என்று பார்த்துக்கொள்ளும் அமேசானின் ஐ.ஏ.எம். சேவையில் ஒரு குழுவுக்குள் இன்னொரு குழுவை வைக்க முடியாது. ஒரு பயனர் பத்துக் குழுக்களுக்கு மேல் இருக்க முடியாது. மைக்ரோசாஃப்டின் கிளவுட் பேரேடான என்ட்ரா ஐ.டி.யில் குழுவுக்குள் குழு வைக்கலாம். ஆனால் பயனர் ஒரு செயலிக்குள் நுழையும்போது கொண்டுபோகும் டோக்கன் என்ற நுழைவுச் சீட்டில், அதன் வகையைப் பொறுத்து, 150 அல்லது 200 குழுக்களின் அடையாளம்தான் அடங்கும். அதைத் தாண்டினால் பட்டியலே வராது, ‘வந்து கேட்டுக்கொள்’ என்று ஒரு குறிப்பு மட்டும் போகும். அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரியாத செயலி ஆளை வெளியே நிறுத்திவிடும். பத்து வருஷமாகக் கம்பெனியில் இருந்து எல்லாக் குழுவிலும் பேர் சேர்ந்துபோன சீனியருக்குத்தான் இது நடக்கும் என்பது ஒரு வேடிக்கை.

வருகிறவர், மாறுகிறவர், போகிறவர்

இந்தத் துறையில் ஊழியரின் பயணத்தை மூன்றாகப் பிரிப்பார்கள்: வருகிறவர், மாறுகிறவர், போகிறவர்.

வருகிறவர் பிரச்சினை எல்லார் கண்ணுக்கும் தெரியும். அதைத்தான் மேலாளர்கள் தானியக்கமாக்கச் சொல்வார்கள். போகிறவர் பிரச்சினை செய்தியில் வரும்போது தெரியும். 2018 செப்டம்பரில் சிஸ்கோவில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் வேலையை விட்டுப்போன ஒரு பொறியாளர், ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்து, அமேசானில் இருந்த அந்த நிறுவனத்தின் கட்டமைப்புக்குள் அனுமதியின்றி நுழைந்து 456 மெய்நிகர் இயந்திரங்களை (மென்பொருளால் ஆன சர்வர்களை) அழித்தார். அந்த நிறுவனத்தின் கூட்டச் செயலியான வெப்எக்ஸில் 16,000-க்கும் மேற்பட்ட கணக்குகள் இரண்டு வாரம் வரை முடங்கின. சரிசெய்ய ஊழியர் நேரமாக மட்டும் ஏறக்குறைய 14 லட்சம் டாலர். வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது 10 லட்சம் டாலருக்கு மேல். 2020-இல் அவருக்கு இரண்டு வருஷச் சிறை. கிளவுட் பாதுகாப்பை ஊருக்கே விற்கிற கம்பெனியில் இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் எரிபொருள் பைப்லைன் நிறுத்தப்பட்ட கதையும் இதற்குப் பங்காளிதான். தாக்கியவர்கள் நுழைந்தது, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு வி.பி.என். கணக்கு (வெளியில் இருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள் நுழையும் கணக்கு) வழியாக. கணக்குக்கு இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு இல்லை; பயன்பாட்டில் இல்லையே தவிர அடைக்கப்படவும் இல்லை. 44 லட்சம் டாலர் பணயத்தொகை கொடுத்தார்கள்.

என்னைக் கேட்டால் மூவரில் ஆபத்தானவர் நடுவில் இருப்பவர். கணக்குப் பிரிவில் இருந்து கொள்முதலுக்கு மாறுகிறார். புதிய குழு கிடைக்கிறது. பழைய குழு? “ஒரு மாசம் பழைய வேலையும் பார்க்கணும் சார், இருக்கட்டும்” என்பார்கள். இருக்கும். பிறகு கொள்முதலில் இருந்து கிளை நிர்வாகத்துக்கு. கடைசியில் பில் போடுபவரும் அவரே, பில்லுக்கு ஒப்புதல் தருபவரும் அவரே என்று ஆகிவிடும். தணிக்கையாளர் முதலில் தேடுவதே இந்தக் கூட்டைத்தான். இதில் திருடும் எண்ணம் யாருக்கும் இருக்க வேண்டியதில்லை. அவருடைய கடவுச்சொல் திருடுபோனால் போதும், திருடனுக்கு மூன்று பிரிவின் சாவியும் ஒரே கொத்தாகக் கிடைத்துவிடும்.

விதியில் ஆள் சேரும் குழு

தானியக்கத்தின் முதல் வழி, புள்ளிக் கணக்கு போன்றதுதான். குழுவில் பேர்களை எழுதாமல் விதியை எழுதுவது. ‘துறை: கணக்கு, இடம்: காரைக்குடி, நிலை: பணியில்’ என்று மூன்றும் பொருந்துகிறவர் எல்லாரும் இந்தக் குழு. எச்.ஆர். பதிவில் துறை மாறினால் ஆளும் குழுவை விட்டு இறங்கிவிடுவார், யாரும் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் இதை டைனமிக் குழு என்கிறது, கூகுளிலும் உண்டு. இரண்டிலும் இலவசத் திட்டத்தில் கிடைக்காது. என்ட்ராவில் குறைந்தது பி1 என்ற கட்டண உரிமம் வேண்டும்.

என்ட்ராவின் விதிக் குழுவில் ஒரு கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். ஒரு குழு விதியால் நடந்தால், அதில் கையால் ஓர் ஆளைச் சேர்க்க முடியாது. ‘இவர் நம்ம ஆள், இவரை மட்டும் போட்டுவிடு’ என்பதற்கு இடமில்லை. விதிவிலக்கு வேண்டுமென்றால் வேறு குழு ஆரம்பிக்க வேண்டும், அதற்குப் பேர் வைக்க வேண்டும், ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டும். முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஆனால் விதி நம்புவது எச்.ஆர். பதிவை. அங்கே ஒருவருக்கு ‘அக்கவுண்ட்ஸ்’ என்றும் இன்னொருவருக்கு ‘அக்கவுண்ட்’ என்றும் மூன்றாமவருக்குப் பின்னால் ஓர் இடைவெளியோடும் துறைப் பேர் இருந்தால், விதிக்கு அவை மூன்று துறைகள். இதைச் சரிசெய்யாமல் தானியக்கம் ஆரம்பித்த ஓர் அலுவலகத்தில், முதல் திங்கட்கிழமை காலை கணக்குப் பிரிவில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் வெளியே நின்றார்கள். குற்றம் நிரலில் இல்லை. எச்.ஆரில் பட்டியல் தராமல் கையால் தட்டச்சவிட்ட கட்டத்தில் இருந்தது.

இன்னொரு பொறி பலருக்குத் தெரிவதில்லை. விதி எந்தத் தகவலைப் பார்க்கிறதோ, அதை மாற்ற முடிந்தவர் குழுவில் தானே ஏறிக்கொள்ளலாம். தன் பேர், தன் பதவி, தன் தொலைபேசி எண் போன்றவற்றைப் பயனரே திருத்தலாம் என்று விட்டுவைத்து, அவற்றில் ஒன்றை வைத்து விதி எழுதினால், கதவுக்கு வெளியே இருப்பவன் கையில் தாழ்ப்பாளைக் கொடுத்ததாக அர்த்தம். விருந்தினர் கணக்குகளை அழைக்கும் உரிமை எல்லா ஊழியருக்கும் இருந்தால் இன்னும் மோசம். பேரில் ‘அட்மின்’ என்று இருந்தால் சேர்த்துக்கொள் என்ற விதிக்கு, அப்படிப் பேர் வைத்த ஒரு விருந்தினரை அழைத்தால் முடிந்தது. கோயில் மாலையை மாப்பிள்ளையே கடையில் வாங்கிக்கொண்டு வந்தால் புள்ளி ஆகிவிடுவாரா? மாலை கோயிலில் இருந்துதான் வர வேண்டும். விதிக்குப் பயன்படும் தகவலும் அப்படி, எச்.ஆர். மட்டும் தொடக்கூடிய இடத்தில் இருந்துதான் வர வேண்டும்.

ஊர் ஊராக ஓலை கொண்டுபோகிறவர்

நடுப் பேரேட்டில் எழுதினால் போதுமா? வெளியில் இருக்கும் இருபது செயலிகளுக்கு அதை யார் சொல்வது? ஒரு காலத்தில் ஒவ்வொரு செயலிக்கும் ஒவ்வொரு நிரல் எழுதினார்கள். 2015 செப்டம்பரில் இணையத் தர அமைப்பு ஸ்கிம் என்ற பொதுவழியின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. அதில் ஆர்.எஃப்.சி. 7643 என்ற ஆவணம் பயனரும் குழுவும் எப்படி எழுதப்பட வேண்டும் என்கிறது, 7644 எப்படிச் சொல்லி அனுப்ப வேண்டும் என்கிறது. ‘இவரைச் சேர்’, ‘இவர் இப்போது பணியில் இல்லை’, ‘இந்தக் குழுவில் இருந்து இவரை எடு’ என்று நடுப் பேரேடு எல்லாச் செயலிக்கும் ஒரே மொழியில் ஓலை அனுப்பும். இன்று பெரிய கிளவுட் செயலிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்கிம் தெரியும். அதிக விலைத் திட்டத்தில்தான் தருவேன் என்று சொல்வது உண்டு. நூறு பேர் அலுவலகத்துக்கு உண்மையான தடை தொழில்நுட்பத்தைவிட அந்தப் பில்தான்.

ஓலை உடனே போய்ச் சேராது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். என்ட்ரா ஏறக்குறைய 40 நிமிஷத்துக்கு ஒரு முறைதான் மாறுதல்களை எடுத்துக்கொண்டு கிளம்பும். குழுவுக்குள் இருக்கும் குழுவை அது பிரித்துப் பார்க்காது. நேரடி உறுப்பினர்களை மட்டும் சொல்லும். ஓலை சேர்ந்த பிறகும், ஆள் ஏற்கெனவே உள்ளே இருந்தால், நுழையும்போது வாங்கிய டோக்கன் காலாவதியாகும் வரை கையில் இருக்கும். மைக்ரோசாஃப்டில் வழக்கமாக அது 60 முதல் 90 நிமிஷம். அமேசானில் தற்காலிகப் பொறுப்பு எடுத்து நுழைந்தவருக்கு, அமைத்துவைத்ததைப் பொறுத்து 12 மணி நேரம் வரைகூட. ஆகவே ஒருவரை இன்று மதியம் வேலையை விட்டு அனுப்புகிறீர்கள் என்றால், எச்.ஆர். பதிவை மாற்றிவிட்டுத் தானியக்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கக்கூடாது. கணக்கை முடக்கி, திறந்திருக்கும் அமர்வுகளையும் ரத்து செய்யும் பொத்தான் தனியாக இருக்கிறது. அதை அழுத்த ஓர் ஆள் வேண்டும்.

மூன்று வருஷத்து பவர்

செட்டிநாட்டில் பழைய ஆட்களோடு பேசினால் கொண்டுவிக்கப் போன கதை வராமல் இருக்காது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கடை நடத்த ஏஜெண்டை அனுப்புவார்கள். முதலாளி ஊரில் இருப்பார். அவர் பேரில் கடன் கொடுக்க, வாங்க, வழக்கு நடத்த ஏஜெண்டுக்கு பவர் எழுதிக் கொடுப்பார்கள். வழக்கமாக மூன்று வருஷக் கணக்கு. தவணை முடிந்ததும் அடுத்த ஏஜெண்டு போவார், ஐந்தொகை எடுத்துக் கணக்கை ஒப்படைத்துவிட்டுப் பழையவர் கப்பலேறுவார். கடல் தாண்டி இருக்கும் ஆளை தினமும் கண்காணிக்க முடியாது என்பது தெரிந்தவர்கள், பவரைக் கொடுக்கும்போதே அது எப்போது முடியும் என்பதையும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

கிளவுடில் இந்த யோசனைக்கு இப்போதுதான் மவுசு வந்திருக்கிறது. குழுவில் சேர்க்கும்போதே முடிவு நாளும் குறித்துவிடுவது. வெளி ஒப்பந்தக்காரர் என்றால் ஒப்பந்தம் முடியும் நாள். தணிக்கைக்கு வந்தவர் என்றால் இரண்டு வாரம். சர்வரை அழிக்கும் அளவுக்கு உயர்ந்த அனுமதி என்றால் நாள் கணக்குகூட வேண்டாம், மணிக் கணக்கு. என்ட்ராவில் இதற்கென்று ஓர் ஏற்பாடு உண்டு: ஒருவர் குழுவுக்குத் ‘தகுதி’ உள்ளவராக மட்டும் இருப்பார், உறுப்பினராக இருக்கமாட்டார். தேவைப்படும்போது காரணம் எழுதி, ஒப்புதல் வாங்கி, உள்ளே போவார். குறித்த மணி முடிந்ததும் தானாக வெளியே. கூகுள் குழுக்களிலும் உறுப்பினருக்கு முடிவு நாள் வைக்க வழி இருக்கிறது.

மற்ற வழிகள் எல்லாவற்றையும்விட இதை மேலே வைப்பேன். காரணம், ஆரம்பத்தில் சொன்ன அந்தச் சத்தக் கணக்கு. தேதி தாண்டினால் அனுமதி போய்விடும், தேவை இருப்பவர் கத்துவார், மறுபடி கொடுக்கலாம். தேவை இல்லாதவர் கவனிக்கக்கூட மாட்டார். எந்தப் பக்கம் சத்தம் வரும் என்பதை இது திருப்பிப் போட்டுவிடுகிறது.

இதற்கு மாற்றாகப் பல நிறுவனங்கள் செய்வது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலாளருக்குப் பட்டியல் அனுப்பி, ‘இவர்கள் எல்லாம் இன்னும் தேவையா’ என்று கேட்பது. பட்டியலில் எண்பது பேர், பக்கத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘ஒப்புதல்’ என்று ஒரு பொத்தான். மேலாளர் என்ன செய்வார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பதில் வராவிட்டால் அனுமதி நீங்கும் என்று அமைத்துவைத்தால் கொஞ்சம் பிழைக்கும்.

பேரேடும் கையிருப்பும்

கணக்குப்பிள்ளைக்குத் தெரியும், பேரேட்டில் எழுதியது சரி என்பதால் பெட்டியில் பணம் சரியாக இருக்கும் என்று ஆகாது. இரண்டையும் ஒப்பிட வேண்டும். நிரலாக எழுதிவைத்த குழுக்களில் இந்த ஒப்பீடு கருவியின் வேலையாகவே இருக்கிறது. 2014-இல் வந்த டெராஃபார்ம் போன்ற கருவிகளில் எந்தக் குழு, யார் யார், எந்த அனுமதி என்று கோப்பில் எழுதி, நிரலைப் போலவே இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் கிளவுடில் ஏறும். யார் எப்போது எதற்காகச் சேர்த்தார்கள் என்பது வரலாறாகத் தங்கிவிடும். அடுத்த முறை ஓட்டும்போது, கோப்பில் எழுதியதை யாராவது கிளவுடில் கையால் மாற்றியிருந்தால் காட்டிக்கொடுக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். அமேசான் குழு உறுப்பினர்களை டெராஃபார்மில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரு விதம், ‘இந்தக் குழுவின் முழுப் பட்டியல் இதுதான்’ என்று பொறுப்பேற்கும். வெளியே யாராவது கையால் ஒரு பேரைச் சேர்த்தால் அடுத்த ஓட்டத்தில் நீக்கச் சொல்லும். இன்னொரு விதம், ‘இந்தப் பயனர் இந்தக் குழுக்களில் இருக்க வேண்டும்’ என்பதை மட்டும் பார்க்கும்; கூடுதலாக எது இருந்தாலும் கண்டுகொள்ளாது. இரண்டாவது எழுதச் சுலபம், யாரையும் தவறாக நீக்கிவிடாது என்பதால் பயமும் இல்லை. அதனாலேயே பலர் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, குழுக்களைத் தானியக்கமாக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறார்கள். மறுவீட்டு விருந்தில் என் நண்பன் செய்த தவறை அது என்றைக்கும் பிடித்திருக்காது.

நீக்கும் கை இருந்தால் அது தவறாக நீக்கும் ஆபத்தும் உண்டுதான். எச்.ஆர். மென்பொருள் ஒரு நாள் இரவு வெற்றுப் பட்டியல் அனுப்பினால், விதி அதை ‘எல்லாரும் வேலையை விட்டுப் போய்விட்டார்கள்’ என்று புரிந்துகொண்டு விசுவாசமாக எல்லாரையும் வெளியே தள்ளும். அதனால் ஒரே ஓட்டத்தில் இத்தனை பேருக்கு மேல் நீக்கவேண்டி வந்தால் நின்று கேள் என்று வரம்பு வைப்பார்கள். அலுவலகத்து ஆக்டிவ் டைரக்டரியைக் கிளவுடோடு இணைக்கும் மைக்ரோசாஃப்டின் என்ட்ரா கனெக்டில் அந்த வரம்பு, யாரும் மாற்றாவிட்டால், 500. ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் கம்பெனிக்குச் சரி. நூற்றைம்பது பேர் இருக்கும் காரைக்குடி அலுவலகத்தில் மொத்தக் கம்பெனியும் போனாலும் அந்த மணி அடிக்காது. எங்களுடையதைப் பத்தாகக் குறைத்தோம்.

தானியக்கத்தை நடத்தும் கணக்கையும் மறக்கக்கூடாது. யாரையும் எந்தக் குழுவிலும் சேர்க்க வல்ல கணக்கு அது. ஊரில் உள்ள பூட்டுக்கெல்லாம் சாவி செய்யத் தெரிந்த ஆள் மாதிரி. அதன் ரகசியச் சாவி யாரோ ஒருவருடைய மடிக்கணினியில் ஒரு கோப்பில் கிடந்தால், மேலே சொன்ன அத்தனையும் வீண்.

பதிவேடு பற்றி ஒரு வார்த்தை. 2022 ஏப்ரல் 28-இல் இந்தியாவில் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, கணினி அமைப்புகளின் லாகுகளை (எப்போது என்ன நடந்தது என்ற பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். குழுவில் யார் யாரைச் சேர்த்தார்கள் என்ற லாகை அமேசானின் பதிவுச் சேவையான கிளவுட்டிரெயில் தன் பார்வைப் பக்கத்தில் 90 நாள்தான் வைத்திருக்கும். என்ட்ரா இலவசத் திட்டத்தில் 7 நாள், பி1, பி2 உரிமத்தில் 30 நாள். தனியாக எடுத்துச் சேமிக்க ஏற்பாடு செய்யாதவரை இரண்டும் சட்டம் கேட்கும் நாளுக்குப் போதாது. தை மாதத் தவறை ஆடியில் கண்டுபிடித்த எங்களுக்கு, யார் எப்போது சேர்த்தது என்று லாகில் பார்க்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. நண்பனே ஒப்புக்கொண்டதால் தெரிந்தது.

எங்கே தொடங்கினோம்

நாங்கள் முதலில் கருவி வாங்கவில்லை. இருந்த குழுக்களை எல்லாம் ஒரு தாளில் அச்சடித்தோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே இது எதற்கு, யார் இதற்குப் பொறுப்பு என்று எழுதச் சொன்னோம். பொறுப்பாளர் கிடைக்காத குழுக்களின் அனுமதியை ஒவ்வொன்றாக நிறுத்தி இரண்டு வாரம் காத்திருந்தோம். மிகச் சிலவற்றுக்கே சத்தம் வந்தது. மற்றவற்றை அழித்தோம். எச்.ஆர். பதிவில் துறைப் பேரைப் பட்டியலில் இருந்து மட்டும் தேர்ந்தெடுக்கும்படி மாற்றினோம். விதிக் குழுக்கள் அதற்கப்புறம்தான். ஒப்பந்தக்காரர்களுக்கு முடிவு நாள் இல்லாமல் பேர் சேர்க்க முடியாது என்று ஆக்கினோம். மூன்று மாதமாக ஒருமுறையும் உள்நுழையாத கணக்குகளை முடக்க ஒரு சின்ன நிரல் எழுதி வாரம் ஒருமுறை ஓடவிட்டோம். நண்பனுக்கு அதில் அவ்வளவு பெருமை.

எல்லாம் அடைபட்டுப்போனால் உள்ளே போக, மைக்ரோசாஃப்ட் சொல்வதுபோல இரண்டு அவசரக் கணக்குகள் வைத்தோம். விதி எதிலும் சேராதவை, அன்றாட வேலைக்குத் தொடக்கூடாதவை. கடவுச்சொல்லை எழுதி, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டோம். ஓர் உறை வங்கி லாக்கரில். இன்னொன்று பள்ளத்தூரில் முதலாளி வீட்டு இரும்புப் பெட்டியில், சாவி ஆச்சியிடம். “இதுக்குள்ள என்னப்பா இருக்கு, இவ்வளவு பத்திரமா?” என்று கேட்டார்கள். “ஆபீஸ் சாவி ஆச்சி” என்றான் நண்பன்.

நாலு மாதம் கழித்து, ஒத்திகைக்காக அந்த உறையைப் பிரித்தோம். கடவுச்சொல் சரியாகத்தான் இருந்தது. கணக்கு முடக்கப்பட்டிருந்தது. மூன்று மாதமாக ஒருவரும் உள்நுழையவில்லை என்று கண்டு, எங்கள் சின்ன நிரல் அதையும் அதன் ஜோடியையும் சேர்த்தே அடைத்துவிட்டிருந்தது. இப்போது அந்த நிரலின் முதல் இரண்டு வரிகளில் அந்த இரண்டு கணக்குகளின் பேரும் விலக்காக இருக்கிறது, நண்பன் கையால் தட்டச்சியது.